ஓரகத்தியின் வளையம்

சின்னவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வரும்வரைக்கும் பெரியவளுக்குப் பொறாமை என்றால் என்னவென்று தெரியாது. மற்றவர்கள்தான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். டெலிபோன் கம்பம் ஏறிப் பிழைத்தவரின் மகள். கணக்கில் எப்போதும் முதலாவதாக வந்தாள், எலெக்ட்ரானிக்ஸ் படித்தாள், கல்யாணத்துக்கு முன்பே சொந்தமாகச் சம்பாதித்தாள். வகுப்பில் எப்போதும் இரண்டாவதாக வந்த பெண் ஒருத்தி இவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு என்னதான் வந்தது என்று பெரியவள் அப்போது உண்மையாகவே யோசித்திருக்கிறாள்.

அவள் வேலை பார்த்த அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் நெடி மூக்கைத் துளைக்கும். ஜன்னலைத் திறந்தால் நகரத்தின் குப்பைமேடு தெரியும். மேடு என்பது மரியாதைக்குச் சொல்வது. பல காலமாகக் கொட்டிக் கொட்டி அது மலையாகிவிட்டது. அந்த மலைக்குக் காவல் இருப்பதுதான் அலுவலகத்தின் வேலை. குப்பை உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும். வெளியே புகை தெரியும்போது உள்ளே தீ ஊரைச் சுற்றி வந்திருக்கும். அதனால் மேடு முழுக்க சோப்பு டப்பா அளவில் சென்சார்களை இறைத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியிருக்கும் சூட்டை அளக்கும். அதைப் பக்கத்தில் இருக்கும் சென்சாருக்கு வயர்லெஸ்ஸில் சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். இப்படிக் கை மாறிக் கை மாறிச் செய்தி அலுவலகக் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எந்த சென்சார் எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இடம் சொல்லும் கருவியையும் உள்ளே வைத்தால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். வரைபடம் போட்டு வைக்கலாம் என்றால், புல்டோசர் வந்து ஒரு தள்ளு தள்ளியதும் எல்லாம் இடம் மாறிவிடும். மேட்டின் நடுவில் சூடு ஏறினால் பெரிய விஷயமில்லை, அது எப்போதும் கொதிப்பதுதான். ஓரத்தில் சூடு ஏறினால் தீ வெளியே வருகிறது என்று அர்த்தம். ஓரத்தில் எடைமேடை இருக்கிறது, லாரி டிரைவர்கள் படுக்கிற ஷெட் இருக்கிறது, வேலிக்கு அப்பால் வீடுகள் இருக்கின்றன. ஆக, தான் எங்கே கிடக்கிறோம் என்று தெரியாத டப்பாக்களில் எது ஓரத்து டப்பா என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

அதற்கு வழி கண்டுபிடித்தவள் பெரியவள். அவளுடைய கணக்கு எளிமையானது. நடுவில் கிடக்கும் சென்சாருக்கு நாலா பக்கமும் ஆள் உண்டு. ஓரத்தில் கிடப்பதற்கு ஒரு பக்கம் வெறும் காற்று. அதனால் யாருக்கு அக்கம்பக்கத்து சிக்னல் குறைவாகக் கேட்கிறதோ அது ஓரம். தலையை எண்ணினால் போதும். இந்த எண்ணிக்கை முறை வந்த பிறகு அலுவலகமே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. ‘எல்லையம்மா’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வெளியே சலித்துக்கொண்டாலும் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அவள் கணவனின் தம்பிக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்தாள். அவர்கள் மாடியில் குடியேறினார்கள், பெரியவள் குடும்பம் கீழே. வந்தவளும் கம்ப்யூட்டர் படித்தவள், வேலை தேடிக்கொண்டிருந்தவள். “நம்ம ஆபீஸ்லயே கேட்டுப் பாக்கறேன்” என்று பெரியவள்தான் வாயைக் கொடுத்தாள். வேலையும் கிடைத்தது. ஓரம் கண்டுபிடிக்கிற இடத்தில் ஓரகத்தியையும் கூட்டி வந்துவிட்டீர்களே என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். பெரியவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை.

முதலில் உறுத்தியது மாமியாரின் முழங்கால். மாடிப்படி ஏறவே முடியாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த மனுஷி, சின்னவள் வந்த பிறகு தினமும் சாயங்காலம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். மேலே சிரிப்புச் சத்தம் கேட்கும். கீழே பெரியவள் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பாள். அலுவலகத்திலும் அதே கதைதான். பெரியவளிடம் “மேடம், ஒரு நிமிஷம்” என்று பேசும் மேலாளர் சின்னவளின் மேஜைக்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சின்னவள் யாரையும் காக்காய் பிடிக்கவில்லை. அவளுக்கு யார்மேலும் பகை இல்லை, எதிலும் அலட்டல் இல்லை. அதுதான் பெரியவளுக்கு இன்னும் தாங்கவில்லை. கெட்டவளாக இருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவள் கையிலிருந்த துணி கிளிப்புகளைத் தரையில் வட்டமாக வைத்தாள். நடுவில் ஒன்றை வைத்தாள். குந்தி உட்கார்ந்துகொண்டு, ரொம்ப நாளாக மனதில் ஒன்று ஓடுகிறது, அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன் என்றாள்.

“நாம எத்தனை பேருன்னு எண்ணறோம். எண்ண வேண்டாம்க்கா. இந்த நடுக் கிளிப்பைச் சுத்தி இருக்கறவங்க, இதைத் தொடாம, ஒருத்தர் கையை ஒருத்தர் புடிச்சிக்கிட்டே ஒரு சுத்து வர முடியுதான்னு பாக்கணும். வளையம் மூடிச்சுன்னா இது உள்ள இருக்குது. எங்கயாவது அறுந்துச்சுன்னா அந்தப் பக்கம் ஆளே இல்ல, இது ஓரம். கூட்டம் ஜாஸ்தியோ கம்மியோ, கவலையே இல்ல.”

அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய முறையில் ஒரு ஓட்டை இருப்பது அவளுக்கே தெரியும். சென்சார் இறைக்கப் போனவர்கள் மேட்டில் ஏறச் சோம்பல்பட்டு கேட் பக்கத்தில் கை கையாக அள்ளிக் கொட்டிவிட்டு வந்திருந்தார்கள். அங்கே ஓரத்தில் கிடப்பதற்கும் ஏகப்பட்ட அக்கம்பக்கம். எண்ணிக்கை முறை அவற்றை ‘நடு’ என்றே சொல்லும். அந்த ஓட்டையை அடைக்க அவள் இரண்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். இவள் என்னடாவென்றால் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு கிளிப்பில் முடித்துவிட்டாள். பெரியவளின் வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிச்சலின் அளவைப் பார்த்து அவளே கொஞ்சம் பயந்துபோனாள்.

“பாக்கலாம்” என்றாள். “ஆனா பேட்டரி தின்னுமே.”

அந்த ஒரு வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சின்னவளை முந்திக்கொண்டு மறுநாளே மேலாளரிடம் போய், புதுப்பெண்ணிடம் நல்ல யோசனை ஒன்று இருக்கிறது, ஆனால் சென்சார்கள் தங்களுக்குள் அதிகம் பேச வேண்டியிருக்கும், பேட்டரி வருஷத்தைக்கூடத் தாண்டாது, நான் பொறுமையாகச் சோதித்துச் சொல்கிறேன் என்றாள். முழுப் பொய் இல்லை. பேச்சு கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் சென்சார்கள் ஏற்கெனவே அனுப்புகிற செய்திகளிலேயே யாருக்கு யார் சிக்னல் கேட்கிறது என்ற விவரம் இருந்தது. கணக்கை அலுவலகக் கம்ப்யூட்டரில் வைத்துப் போட்டால் பேட்டரிக்குச் சேதமே இல்லை. அது அவளுக்குத் தெரியும், சொல்லவில்லை. சரி, அக்கா பார்த்துக்கொள்வார் என்று சின்னவளும் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

பெரியவள் சோதிக்கவும் செய்தாள். யாருக்கும் சொல்லாமல் அந்த வளையக் கணக்கைத் தன் கம்ப்யூட்டரில் எழுதி, வருகிற செய்திகளை எல்லாம் அதற்கும் ஊட்டினாள். எங்கேயாவது தப்பு செய்யும், செய்தவுடன் கையும் களவுமாகப் பிடித்து மேலாளர் மேஜையில் வைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். சின்னவள் எழுதியிருந்தால்கூட அவ்வளவு அக்கறையாக எழுதியிருக்க மாட்டாள். தன் முறை நடு என்று சொல்லி, வளையம் ஓரம் என்று சொன்ன சென்சார்களைத் தேடிப் பூட்ஸ் போட்டுக்கொண்டு தானே குப்பைமேட்டுக்குப் போனாள். சிக்னல் பிடிக்கும் கருவியை நீட்டிக்கொண்டு, ஈக்களை விரட்டிக்கொண்டு, அழுகல் நாற்றத்தில் அலைந்தாள். ஒன்று கம்பி வேலியின் அடியில் கிடந்தது. இன்னொன்று வேலிக்கு வெளியேவே உருண்டு போயிருந்தது. இரண்டுமே சந்தேகத்துக்கு இடமில்லாத ஓரம். அவள் அந்த இரண்டாவது டப்பாவைக் கையில் எடுத்து ஒரு சக மனுஷியை முறைப்பதுபோல முறைத்தாள். பக்கத்தில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தவர், என்னம்மா அது வேலை செய்யலையா என்று கேட்டார். செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தாள்.

இப்படியே மாதங்கள் ஓடின. வளையம் சறுக்கவில்லை. சின்னவள் நடுவில் இரண்டு தடவை என்ன ஆச்சுக்கா என்று கேட்டாள். இரண்டு தடவையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பதில் சொன்னாள் பெரியவள்.

காற்று பலமாக வீசிய ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பெரியவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சென்சாரில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய முறை அதை நடு என்று காட்டியது, அதனால் அலாரம் ஏதும் அடிக்கவில்லை. திரையின் இன்னொரு பக்கத்தில் ஓடிய வளையக் கணக்கு அதே சென்சாரை ஓரம் என்றது. கேட் பக்கம்.

அவள் மனதில் முதலில் வந்த நினைப்பு தீயைப் பற்றியது அல்ல. இது பொய்யாகப் போனால் வளையத்தின் கதை முடிந்தது என்பதுதான் முதலில் வந்தது. அந்த நினைப்பின் ருசியில் அடுத்த செய்தி வரும்வரை காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மேடு எப்போதும்போல் கிடந்தது, புகை இல்லை. அடுத்த செய்தி வந்தது. சூடு இன்னும் ஏறியிருந்தது. அதற்குப் பக்கத்துச் சென்சாரிலும் ஏறியிருந்தது. அதையும் வளையம் ஓரம் என்றது. கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தாள்.

எடைமேடைக்காரர் இங்கே ஒன்றுமே இல்லையே என்றார். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டிரைவர்கள் ஷெட்டில் இருப்பவர்களை முதலில் வெளியே வரச்சொல்லுங்கள், தீயணைப்பு வண்டிக்கும் சொல்லுங்கள் என்றாள். மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறவர்களை எழுப்பினால் அடிக்க வருவார்கள் என்று அவர் இழுத்தார். “அடிச்சா வாங்கிக்கோங்க. எழுப்புங்க” என்றாள். அவள் குரலில் இருந்தது என்னவோ, அவர் எழுப்பினார். முனகிக்கொண்டே டிரைவர்கள் சாலைக்கு வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் ஷெட்டுக்குப் பின்னால் குப்பை சரிந்தது. உள்ளே தணலாக இருந்தது காற்றுப் பட்டதும் குபீரென்று எழுந்தது. தகரக் கூரை சுருண்டு விழுந்தது. யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. போட்டது போட்டபடி எழுந்து வந்ததில் ஒருவருடைய செருப்பு மட்டும் போயிற்று.

சாயங்காலம் மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, இதற்குத்தான் அனுபவம் வேண்டும் என்பது, எண்ணிக்கை முறை மனித உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று பேசினார். அவளுடைய முறைதான் சொன்னது என்று அவரே எடுத்துக்கொண்டார். பெரியவள் வாயைத் திறக்கவில்லை. கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது சின்னவள். வீட்டுக்கு வந்தால் மாமியார் வாசலிலேயே நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மூத்த மருமகளின் பிரதாபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அவர் மாடிக்கு ஏறவே இல்லை. எதற்காக இத்தனை நாள் வெந்து செத்தாளோ அது மொத்தமும் ஒரே நாளில் மடியில் வந்து விழுந்தது. அவளுக்கோ ஒரு வாய் சோறு இறங்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை இருவரும் வேலைக்குக் கிளம்பும்போது சின்னவள் மாடிப்படியில் நின்றுவிட்டாள்.

“அக்கா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. கேட் பக்கம் சென்சார் குவியலா கிடக்குது. அங்க எண்ணிக்கை முறை ஓரம்னு சொல்றதுக்கு வழியே இல்லையே.”

பெரியவளுக்குப் பொய் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்ல நாலைந்து பொய்கள் தயாராகவும் இருந்தன.

“அது சொல்லல” என்றாள். “உன்னோடதுதான் சொல்லிச்சு. எழுதி ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“எப்பலேர்ந்து?”

“நீ சொன்ன வாரத்துலேர்ந்து.”

“அப்ப பேட்டரி?”

“பேட்டரியெல்லாம் ஒண்ணும் ஆகாது. நீ தப்பு பண்ணணும்னுதான் ஓட்டினேன். நீ பண்ணல.”

சின்னவள் அழுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அழவில்லை. அவளுக்குக் கோபம் வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“பேரு உங்களுக்குப் போகட்டும்க்கா, எனக்கு அது பெரிசில்ல. ஆனா இத்தனை மாசம் அந்த கேட்டுக்குக் காவலே இல்லாம விட்டிருக்கீங்க. நேத்து நீங்களும் சாப்பிடப் போயிருந்தா?”

சொல்லிவிட்டு இவளுக்காக நிற்காமல் இறங்கிப் போய்விட்டாள். பெரியவள் பஸ்ஸில் அவளுக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து அலுவலகம் போய்ச் சேர்ந்தாள். போனதும் மேலாளர் அறைக்குள் போகாமல், எல்லோரும் இருக்கிற கூடத்திலேயே நின்று, நேற்றுத் தீயைச் சொன்னது வளையம், அது யாருடையது, அதை யார் முடக்கி வைத்தது, ஏன் என்று சொன்னாள். ‘ஏன்’ என்ற இடத்தில் பொறாமை என்ற வார்த்தையையே சொன்னாள். அங்கே இருந்தவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஒருவர் தன் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அதன் பிறகு அவளை யாரும் எல்லையம்மா என்று கூப்பிடவில்லை. மேலாளர் வேலையை விட்டு நீக்குவார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் நீக்கவில்லை, ஆனால் ஒரு வருஷத்துக்கு அவளிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வளைய முறை அந்த வாரமே நடைமுறைக்கு வந்தது. சின்னவளுக்குத் தனி அறை கொடுத்தார்கள். வீட்டில் அதைவிடக் கஷ்டம். ஒரே கூரையின் கீழ், கீழும் மேலும், பேச்சு இல்லை. காரணம் தெரியாமல் மாமியார் இரண்டு பக்கமும் மாறி மாறித் துருவிப் பார்த்தார். “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சிக்னல் கட்டாயிடுச்சா?” என்று பெரியவளின் கணவன் கேலியாகக் கேட்டுவைத்தான். அன்று அவனே காபி போட்டுக் குடிக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு பெரியவளின் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். உண்மையைச் சொன்னதால் அவமானம் வந்தது, அவமானத்தோடு பொறாமை இன்னும் கொஞ்சம் கொழுத்தது. அந்தத் தனி அறையின் கண்ணாடிக் கதவைக் கடக்கும்போதெல்லாம் காதில் புகை வந்தது. வளையத்தை நோண்டுவதையும் அவள் நிறுத்தவில்லை. இப்போது ஒளிந்து செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியில் ஒன்று சிக்கியது. மேட்டின் நட்டநடுவில் சில சென்சார்கள் சூட்டில் வெந்து செத்துப்போயின. அவற்றைச் சுற்றி இருந்தவற்றுக்கு ஒரு பக்கம் திடீரென்று ஆள் இல்லாமல் போனது. வளையம் அறுந்தது. உடனே கம்ப்யூட்டர் நடு மேட்டில் கிடந்ததையெல்லாம் ஓரம் ஓரம் என்று கத்த ஆரம்பித்தது. தீயணைப்பு வண்டி வீணாக ஒருமுறை வந்து திட்டிவிட்டுப் போனது. எல்லோரும் சென்சார் கோளாறு என்றார்கள். பெரியவள்தான் முறையிலேயே கோளாறு என்று கண்டாள். கண்ட நிமிஷம் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மேலாளரிடம் போகலாம். போவதற்கு எழுந்தும் விட்டாள். கூடத்தில் பாதி தூரம் நடந்தவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் மாடிப்படி ஏறிச் சின்னவளின் கதவைத் தட்டினாள். அந்தப் படியை அவள் ஏறி மாதக்கணக்காகியிருந்தது.

சின்னவள் கதவைத் திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

“உன் வளையத்துல ஒரு பொத்தல் இருக்கு” என்றாள் பெரியவள். “இந்தத் தடவை முதல்ல உங்கிட்ட சொல்றேன்.”

“சந்தோஷமா இருக்கா?”

“ரொம்ப.”

சின்னவள் வழிவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் பழைய காலண்டரின் பின்பக்கத்தைப் போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். வெளி ஓரத்து சென்சார்கள் ஒன்றோடொன்று கைகோத்தால் மேட்டையே சுற்றி வருகிற பெரிய வளையம் ஆகும். நடுவில் செத்த இடத்தைச் சுற்றியிருப்பவை கோத்தால் சின்ன வளையம்தான் ஆகும். அந்த வித்தியாசத்தை வைத்தே வெளியோரம், உள்ளோரம் என்று பிரித்துவிடலாம் என்பது பெரியவள் கொண்டுவந்தது. அப்படியானால் உள்ளோரத்தைத் தூக்கி எறிய வேண்டாம், உள்ளே தீ எந்த இடத்தைத் தின்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும் என்றாள் சின்னவள். அது பெரியவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. இதுவும் இவளுக்குத்தானா என்று நெஞ்சு சுருக்கென்றது. அதை அடக்கிக்கொண்டு, சரிதான் என்று எழுதிக்கொண்டாள். அப்போது தேநீர் கொண்டுவந்து வைத்த கொழுந்தன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் நழுவினான்.

அவர்கள் பழையபடி ஆகவில்லை. துணி காயப்போடும்போது அரட்டை அடிக்கிற உறவு திரும்ப வரவில்லை. ஆனால் வேலை விஷயத்தில் சின்னவள் எதை எழுதினாலும் முதலில் பெரியவளிடம்தான் தந்தாள். வேறு யாரும் அந்த அளவுக்குப் பழுது தேட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருஷம் கழித்து வேறொரு நகரத்தில் பெரிய நிறுவனம் ஒன்று சின்னவளை அழைத்தது. காட்டுத்தீயைக் கண்காணிக்கிற வேலை. அவளும் கணவனும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு போனார்கள். சாமான் வண்டி கிளம்பிய அன்று மாமியார் அழுதார். பெரியவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதில் நிம்மதி எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்று டயர் கடை மாடியில் அந்த அலுவலகத்தின் சோதனைப் பிரிவுக்குப் பெரியவள்தான் தலைமை. யார் எந்த முறையைக் கொண்டுவந்தாலும் அவள் கையில் நாலு அடி வாங்கித்தான் வெளியே போக வேண்டும். சின்னவளின் படம் எங்கேயாவது வந்தால் அவள் இன்றும் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பாள், மேடையில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கவனிப்பாள், பிறகு அன்று முழுக்கச் சிடுசிடுவென்று இருப்பாள். போன மாதம் சின்னவள் எழுதிய புதுக் கட்டுரை ஒன்று வெளியானது. பெரியவள் பென்சிலும் கையுமாக விடுமுறை நாள் முழுவதும் அதோடு உட்கார்ந்தாள். கணவன் எட்டிப் பார்த்து, என்ன, ஏதாவது மாட்டியதா என்று கேட்டான். சும்மா இருங்கள் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் போன் செய்தாள்.

“அஞ்சாவது பக்கம்” என்றாள், நலம்கூட விசாரிக்காமல்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“சொல்லுங்கக்கா” என்றாள் சின்னவள். “எந்த வரி?”